சமையலறை தொடர்பில் இல்லை

கர்ட் லிண்டால் ஐந்து வருடம் இரவுப் பணியில் உட்கார்ந்து, கணினிக் கோளாறு என்று தொலைபேசியில் கூப்பிடும் முன்பின் தெரியாதவர்களிடம் "பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகுங்கள்" என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவன். ஆறாவது வருடத் தொடக்கத்தில் ஒருநாள், டெக்சாஸ்காரர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். தன் வாழ்நாளின் ஒரே வீரச்செயல் அதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தான். அந்த டெக்சாஸ்காரர் எவ்வளவு நேரம் "ஹலோ, ஹலோ" என்று கத்தியிருப்பார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்த வேலையிலிருந்து அவன் வீட்டுக்குக் கொண்டுவந்த சொத்து ஒரே ஒரு பாடம்தான்: கூப்பிடுகிறவர் பொய் சொல்வார். எதையும் தொடவில்லை என்று ஒருவர் சொன்னால், எதையோ தொட்டிருக்கிறார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, அமெரிக்காவின் வட கோடியிலுள்ள டுலூத்தில், அம்மாவின் வீட்டுப் பின்வாசலில் பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டே அதே பாடத்தோடுதான் உள்ளே நுழைந்தான்.

"மா, நீ எதையாவது தொட்டியா?"

"நான் எதையும் தொடலடா."

கர்ட் தலையாட்டினான். ஐந்து வருடம் ஆட்டிப் பழகிய தலை.

சமையலறை மேடையில், ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது அந்தத் திரை. பார்க்க ஒரு புகைப்படச் சட்டம் மாதிரி. மேலே ஒரு கேமரா. நாள் முழுக்கக் குடும்பப் படங்களை மாற்றி மாற்றிக் காட்டும். தினம் காலை ஒன்பது மணிக்கு ஃபீனிக்ஸிலிருந்து அக்கா ஜானெல் அதன் வழியாக அம்மாவைப் பார்ப்பாள். போன மார்ச்சில் அம்மா மாடிப்படியில் விழுந்த பிறகு ஏற்பட்ட ஒப்பந்தம் இது. கேமரா ஓடினால் அம்மா வீட்டில் இருக்கலாம். ஓடாவிட்டால் முதியோர் இல்லம்.

பதினோரு நாளாக ஜானெலின் ஃபோனில் படத்துக்குப் பதில் ஒரு சாம்பல் கட்டம், அதில் ஒரே வாசகம்: "சமையலறை, தொடர்பில் இல்லை." இல்லத்தில் ஏரியைப் பார்த்த ஓர் அறை காலியாகியிருந்தது. இன்று மத்தியானம் வரைக்கும்தான் ஜானெலுக்காக அதைப் பிடித்துவைத்திருப்பார்கள். "மறுபடியும் அதே சாம்பல் கட்டம் வந்துதுன்னா நான் சரின்னு சொல்லிடுவேன்" என்று நேற்றே சொல்லிவிட்டாள்.

கர்ட் பிளக்கைத் தேடிக் குனிந்தான். பிளக்கின் மேல் ஒரு வெள்ளை டேப். அதில் அம்மாவின் சாய்ந்த கையெழுத்து: "ஆர்லிஸ், இதைத் தொடாதே."

"இது என்னம்மா?"

"எனக்கு நானே எழுதினது. நான்தான் புடுங்கிடறேன்னு நீ ஜானெல்கிட்ட சொன்னியாமே. எனக்கு ஞாபகம் இல்ல. ஞாபகம் இல்லாமலே செய்யறேன் போல. அதான், எழுதி வச்சா நல்லதுன்னு."

சொன்னான்தான். முதல் நாளே ஜானெல் கேட்டபோது, சோஃபாவைவிட்டு எழுந்திருக்காமலே, "அம்மா பிளக்கப் புடுங்கியிருப்பா" என்றான். மூன்றாம் நாளும் சொன்னான். மைக்ரோவேவுக்காகப் பிடுங்கியிருப்பாள், வேறென்ன. ஜானெல் அதை அம்மா கட்ட மறந்துபோன பல் வைத்தியர் பில்லோடும், அணைக்காமல் விட்ட அடுப்போடும் சேர்த்து ஒரு பட்டியலாக்கிவிட்டாள்.

அவன் வேலையில் இறங்கினான். பிளக்கைப் பிடுங்கினான். அறுபது விநாடி எண்ணினான். சொருகினான். கேமராவின் மூடி திறந்திருக்கிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்தான். ரவுட்டரை அணைத்துப் போட்டான். திரை விழித்தது, ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டது, இணையம் இல்லை என்றது.

அம்மா காபியை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். "நீ அன்னைக்கு ஃபோன்ல ஏதோ சொன்னியே, யாரையோ தொரத்திட்டேன்னு. அதுக்கப்புறந்தான் இது போச்சோன்னு எனக்கு ஒரு நெனப்பு."

"அது வேற, இது வேறம்மா."

"சரி சரி. சும்மா நெனப்புதான். நீ உன் வேலையப் பாரு."

அந்த ஊர்க்காரர்கள் கூரை பற்றி எரிந்தால்கூட "இன்னிக்குக் கொஞ்சம் புழுக்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள். ஆர்லிஸ் அதில் கைதேர்ந்தவள். கர்ட்டும் அதே ஊரில் பிறந்தவன்தான், அந்தப் பாஷை அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் காதில் ஐந்து வருடம் ஹெட்ஃபோன் இருந்தது.

எட்டு இருபதுக்குக் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். திரையிலுள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்குவது.

"அதுல உங்கப்பா படமெல்லாம் ஓடுமே..." என்றாள் அம்மா.

"திரும்ப வந்துடும்மா."

"வந்தா சந்தோஷம்."

அழித்தான். திரை வெள்ளையாகி "வணக்கம்" என்றது. வைஃபை பெயரைக் கொடுத்தான், கடவுச்சொல்லைக் கொடுத்தான். இணைக்க முடியவில்லை. இன்னொரு முறை கொடுத்தான். முடியவில்லை. மூன்றாம் முறை, வேலையில் கிழவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினான். முடியவில்லை.

"செத்துப்போச்சு. பொருளே மட்டம்" என்று தீர்ப்புச் சொன்னான். மணி எட்டு நாற்பது. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். "அந்த ரூம்ல சமையல் மேடை கெடையாதாம். ஒரு கெட்டில் வச்சுக்கலாமாம்" என்றாள். "நல்ல கெட்டிலாதான் இருக்கும்."

அந்தக் குரலைத் தாங்க முடியாமல்தான், எதையாவது செய்கிற மாதிரி இருக்கட்டும் என்று, அவன் தன் ஃபோனில் ரவுட்டரின் செயலியைத் திறந்தான். இந்த வீட்டு ரவுட்டருக்கு அவன்தான் நிர்வாகி. அப்படிச் சொல்லிக்கொள்ள அவனுக்கு இருந்த ஒரே பதவி. அம்மாவின் ஃபோன், அச்சு எந்திரம், தொலைக்காட்சி என்று பட்டியல் இறங்கியது. அதற்கும் கீழே "தடுக்கப்பட்டவை" என்று ஒரு தலைப்பு. அதில் ஒரே ஒரு பெயர். பெயர்கூட இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளக் குப்பை. தடுத்த தேதி: பதினோரு நாளுக்கு முன்.

கர்ட்டுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. தன் வீட்டு சோஃபாவில் படுத்தபடி, வேலை இல்லாதவனின் அக்கறையோடு அம்மாவின் ரவுட்டரை மேய்ந்துகொண்டிருந்தபோது இந்த அந்நியனைக் கண்டுபிடித்தான். பக்கத்து வீட்டு ஆள் வைஃபை திருடுகிறான் என்று முடிவுகட்டினான். ஒரு தட்டு தட்டி வெளியே தள்ளினான். உடனே அம்மாவைக் கூப்பிட்டு, "ஒரு திருடனத் தொரத்திட்டேன் மா" என்று பெருமையடித்தான். அவன் துரத்தியது இந்தத் திரையை.

இன்னொரு தட்டு. தடை நீங்கியது. திரை இணைந்தது. அம்மாவின் கணக்கைக் கொடுத்ததும் அப்பா ஒரு பெரிய மீனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"அட!" என்றாள் அம்மா. "என்னடா ஆச்சு அதுக்கு?"

"ரவுட்டர்ல ஏதோ கோளாறு" என்றான். ஆயிரம் முறை சொன்ன வாக்கியம், வாயிலிருந்து தானாக வழுக்கியது. யாருக்கும் தெரியப்போவதில்லை. காபி நன்றாகத்தான் இருந்தது.

ஒன்பது மணிக்கு ஜானெலின் முகம் வந்தது. பின்னால் வெயில்.

"ஓ, வந்துடுச்சே! என்ன கர்ட், பிளக்தானே?"

"இல்ல. ரவுட்டர்..."

"ரவுட்டரயும் அணைச்சுட்டாளா? மா, கோவமெல்லாம் இல்ல, ஆனா இதத்தான் நான் சொல்லிட்டே இருக்கேன்."

"தூசி தட்டுறப்போ கை பட்டிருக்கும்மா" என்றாள் ஆர்லிஸ். செய்யாததற்கு நேரமும் காரணமும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். "செவ்வாக்கெழம தொடச்சேன். அப்பத்தான் இருக்கும்."

கர்ட் கோப்பையைக் கீழே வைத்தான். கேமராவின் முன்னால் வந்து நின்றான். அவன் முகம் திரையின் மூலையில் சின்னதாகத் தெரிந்தது, சவரம் செய்யாத, உப்பிய ஒரு நிர்வாகி.

"அம்மா எதையும் புடுங்கல. நான்தான் பிளாக் பண்ணேன்."

"என்ன?"

"யாரோ வைஃபை திருடறான்னு நெனச்சு. என் ஃபோன்லேர்ந்து. பதினோரு நாளா நான்தான். அம்மா சொல்லவும் சொன்னா. நான் கேக்கல."

ஜானெல் கண்ணாடியைக் கழற்றினாள். "பதினோரு நாளு. நான் அவளுக்கு மூளை டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன் தெரியுமா? நீ இதுக்குன்னே சம்பளம் வாங்கின ஆளுடா!"

"அதான் பாத்தியே, ஏன் இப்ப வாங்கலன்னு."

"சிரிக்காதே. எனக்குச் சிரிப்பு வரல."

அவனுக்கும் வரவில்லை. ஜானெல் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு, அடுப்பு விஷயம் இன்னும் உண்மைதான் என்றாள். பல் வைத்தியரும் உண்மைதான் என்றாள். "ஆனா இத வச்சு நான் அவள அனுப்ப மாட்டேன். அந்த ரூம வேற யாருக்காவது குடுத்துடச் சொல்றேன். ஏப்ரல்ல பாப்போம். ஒரே கண்டிஷன். அந்த ரவுட்டர இனிமே கர்ட் தொடக் கூடாது. மா, உன் ஃபோன எடு. புதுக் கடவுச்சொல் போடலாம், நான் சொல்லித் தர்றேன். ஏதாவது வார்த்த யோசி."

"யோசிச்சு வச்சிருக்கேன்" என்றாள் ஆர்லிஸ், யோசிக்காமலே. பிறகு மகனைப் பார்த்து மிக மரியாதையாக, "வாசப்படியில கொஞ்சம் பனி சேந்திருக்கு போல, இல்ல?" என்றாள்.

இந்த முறை அவனுக்குப் புரிந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு, மண்வாரியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனான். இரண்டு படி வாரியதும் கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். அம்மா ஒற்றை விரலால் ஓர் எழுத்தைத் தட்டினாள். நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து வந்து, அவன் மூக்குக்கு நேராகத் திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.