இரண்டு காலி ஓட்டைகள்

"ஏங்க, இது நீங்க செஞ்ச தட்டுல்லா?" என்று சங்கரேஸ்வரி போனை நீட்டியபோது, மருதப்பன் கடையில் ஒரு பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தான்.

வீடியோவில் சயின்ஸ் வாத்தியார் சாம்சுந்தர் பேசினார். கையில் மின்சாரம் பாயாத பழுப்பு ஹைலம் பலகையில் அறுத்த வட்டத் தட்டு, விளிம்பைச் சுற்றி எட்டு டங்ஸ்டன் கம்பிகள். தட்டு சுழலும்போது ஒவ்வொரு கம்பியும் எதிரே அசையாமல் நிற்கும் கம்பியைக் கடக்கும் நொடியில் பொறி தாவும். அந்தப் பொறியில்தான் டெஸ்லா காயில் உச்சியிலிருந்து மின்னல் விடும். எட்டு மாதம் மருதப்பன் மண்டையை உடைத்துக்கொண்ட வேலை. "என்னோட சொந்த டிசைன்," என்றார் சார். அதோடு விட்டாரா? "இந்த ரெண்டு காலி ஓட்டையும் காத்தோட்டத்துக்காக நான் யோசிச்சு வச்சது."

காத்தோட்டமாம், காத்தோட்டம்! ஆடித்தபசுத் திருவிழா அன்றைக்குத் தெருவில் கொட்டுச் சத்தம் கேட்டு நிமிர்ந்ததில், டிரில் வழுக்கி விழுந்த ஓட்டை அது. ஒரு பக்கம் கனம் குறைந்தால் தட்டு உதறுமே என்று எதிர்ப்பக்கம் இன்னொன்று போட்டான். அப்படியும் முதல் ஓட்டையிலிருந்து விளிம்புவரை மயிரிழையாய்க் கீறல் ஓடிவிட்டது. இனி ஆகாது என்று ஆணியில் மாட்டியிருந்ததை, "பிள்ளைகளுக்குச் சும்மா காட்டிட்டுத் தாரேன் அண்ணாச்சி" என்று சார் வாங்கிப் போனார். ஓட்டவா போகிறார் என்று கீறலைப் பற்றி இவனும் சொல்லவில்லை. கூடப்பிறந்தவனாக அல்லவா நம்பினான்!

"உங்க பேரச் சொல்லுவாருன்னு கடைசி வரைக்கும் பாத்தேன்," என்றாள் சங்கரேஸ்வரி. "பதினோரு மணிக்கு ஸ்கூல்ல ஓட்டிக் காட்டப் போறாராம்."

மணி பத்தரை. சார் நம்பரைப் போட்டான்.

"சார், அந்தத் தட்டுல கீறல் இருக்கு, ஓட்டாதீக. தெறிச்சா பிள்ளைக கண்ணு போயிரும்."

"வீடியோ பாத்துட்டீகளாக்கும்? வயித்தெரிச்சல் படாதீக அண்ணாச்சி."

வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை.

வெடிக்கட்டும், ஊர் சிரிக்கட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. மனுசன்தானே! ஆனால் முன்வரிசையில் உட்காரப் போவது சின்னப் பிள்ளைகள். வண்டியை எடுத்தான்.

பள்ளிக்கூட வாசலிலேயே மோட்டார் இரைச்சல் ஏறுவது கேட்டது. ஓடிப்போய் வராந்தாவிலிருந்த மீட்டர் பலகையில் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு வகுப்பறை வாசலுக்கு வந்தான்.

"ஓ..." என்று பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

"பாத்தீங்களா பிள்ளைகளா?" சார் வாசலைக் கை காட்டினார். "ஒருத்தன் முன்னுக்கு வந்தா பொறுக்காத ஆளுக இப்படித்தான்."

மருதப்பன் உள்ளே பார்த்தான். மேஜைமேல் தட்டு வேகம் குறைந்தது. ஒரே வளையமாகத் தெரிந்த கம்பிகள் எட்டாகப் பிரிந்தன. காலி ஓட்டைகள் வந்து வந்து போயின. முதல் ஓட்டை அவன் பக்கம் திரும்பி நின்றது. மயிரிழையாக இருந்த கீறல் இப்போது வாசலிலிருந்தே தெரிந்தது. தட்டை யாரும் பார்க்கவில்லை. கையில் ஃபியூஸோடு நின்ற அவனைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.