வாய் மட்டும் அசைந்தது

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சூலியா தெருவுக்குப் பின்சந்தில் ஒரு மாடி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெரிய கதை இல்லை, ஒரு சாயங்காலம்தான்.

சல்மா தரையில் குப்புறப் படுத்து, புதுக் கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கி மறுபடி செருகினாள். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் எலக்ட்ரானிக் போர்டு சோதிக்கிற வேலை அவளுக்கு. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, தானே பூட்டி, லினக்ஸ் ஏற்றி, கூடத்து டிவியோடு இணைத்திருந்தாள். எல்லாம் அவளைப் பெற்ற அத்தாவுக்காக. டாக்டர் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். டப்ளினில் இருக்கும் தம்பி இர்வானுக்கு நாளைக்குத்தான் விமானம். அதுவரை தாங்காது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை.

டிவியில் இர்வானின் முகம் பளிச்சென்று வந்தது. வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

கட்டிலில் கிடந்த அத்தா, ஹபீப் முகம்மது, வெகுநேரம் பார்த்தார்.

"அவன் ஏம்மா பேச மாட்டேங்குறான்? இன்னும் கோவமா?"

"கோவமில்லத்தா. சத்தம்தான் வரல. இருங்க, சரி பண்றேன்."

இர்வான் வெளிநாடு கிளம்பியபோது, "நான் செத்தால் என் மையத்தைப் பார்க்கவும் வராதே" என்று சொன்னவர் அத்தாதான். அதற்கப்புறம் இரண்டு பேரும் உம்மா வழியாகத்தான் நலம் விசாரித்துக்கொண்டார்கள்.

சல்மா தன் போனில் தம்பியைக் கூப்பிட்டு அத்தாவின் காதில் வைத்தாள். "கொசு பாடுது" என்று அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். காது மந்தம், டிவியை அலறவிட்டால்தான் ஏதோ கேட்கும்.

"விண்டோஸ் போட்டிருக்கலாம்லக்கா? லினக்ஸ் லினக்ஸ்னு உயிர எடுக்குற" என்றான் இர்வான் போனில்.

"சும்மா இரு லா. அங்க உக்காந்துகிட்டு வாய் பேசாத."

"வாய் மட்டும்தானே தெரியுது உங்களுக்கு."

சிரித்துவிட்டு, சல்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று திரையில் பார்த்தாள். எதுவும் செருகாத ஸ்பீக்கர் துளைக்குப் போய்க்கொண்டிருந்தது. டிவி கேபிளுக்கு மாற்றினாள். தம்பி பேசப் பேச, ஒலி அளவு காட்டும் பச்சைக் கோடு துள்ளியது. அப்படியும் சத்தம் இல்லை. மெஷினை அணைத்துப் போட்டாள். டிரைவரை மாற்றினாள். புதிதாகப் பூட்டியதாயிற்றே, குற்றம் அதில்தான் இருக்கும் என்று அதையே குடைந்தாள்.

அத்தாவின் மூச்சு இடைவெளி விட்டு வந்தது. உம்மா நோர்மா, பஞ்சை நனைத்து அவர் உதட்டில் ஒற்றினாள்.

"போதும்மா சல்மா. கிட்ட வா, அத்தா காதுல கலிமா சொல்லுவோம்."

"கொஞ்ச நேரம் உம்மா."

பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மக்ரிபு பாங்கு ஒலித்தது. உம்மாவின் கை தானாகத் தலையணைக்கடியில் போய் ரிமோட்டை எடுத்து அமுக்கியது. பாங்கு சொன்னால் டிவியை ஊமையாக்குவது, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வழக்கம்.

"...கோவமெல்லாம் இல்லத்தா. கேக்குதா?"

கூடமே அதிர்ந்தது. பிற்பகல் அசர் பாங்குக்கு டிவி நாடகத்தை ஊமையாக்கிய உம்மா, அத்தாவுக்கு மூச்சு வாங்கிய பதற்றத்தில் திரும்பத் திறக்க மறந்திருந்தாள். சல்மா உம்மாவைப் பார்த்தாள். உம்மா ரிமோட்டைப் பார்த்தாள். அதை மறுபடி அமுக்கவில்லை.

"சாப்டியா?" என்றார் அத்தா.

"சாப்டேன்த்தா." பொய் என்று சல்மாவுக்குத் தெரியும்.

"என்ன?"

"ரொட்டி."

"வெறும் ரொட்டியா? சோறு தின்னுடா."

இரவு இஷா தொழுகைக்கு முன்னே அத்தா மவுத்தாகிவிட்டார். வெள்ளைத் துணியை முகம் வரை இழுத்துவிட்டு சல்மா கட்டிலோரம் உட்கார்ந்தாள். டிவியில் இர்வான் யாசீன் ஓதிக்கொண்டிருந்தான்.

மறுபடி பாங்கு. உம்மாவின் கட்டைவிரல் பொத்தானுக்குப் போய் நின்றது. அதற்குள், மைக் வழியாக அங்கே பாங்கைக் கேட்டு, இர்வானே ஓதுவதை நிறுத்தித் தலை குனிந்தான்.

உம்மா ரிமோட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

உங்கள் வீட்டுக் குரல்கள் உரிய காதுக்கு உரிய வேளையில் போய்ச் சேரட்டும், கண்ணுகளா. தூரத்தில் இருக்கிற உங்கள் பிள்ளைகள் வயிறார உண்ணட்டும்.