‘கருமாதிக்கு வந்தவன்’ படத்துக்குக் கவர்

…மூன்று மணிக்குள் என்றால் மூன்று மணிக்குள்தான், செல்போனில் படம் காட்டுகிற சென்னைக் கம்பெனிக்காரர்கள் அதில் கறார், கவர் போய்ச் சேரவில்லை என்றால் இந்த மாசப் பட்டியலில் படம் கிடையாது, அடுத்து எப்போது என்று அவர்களுக்கே தெரியாது, ஆக என் வீட்டுக்காரர் சங்கிலிப்பாண்டி நாலு வருஷம் தூக்கம் கெட்டு எடுத்த ‘கருமாதிக்கு வந்தவன்’ இப்போது என் மவுஸ் நுனியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. மணி ஒன்று இருபது. இந்தக் கடையில் ஏசி இருப்பது ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிற மிஷினுக்குத்தான், மிஷினுக்குச் சூடு ஆகாதாம், டிசைன் பண்ணுகிற பொம்பளைக்கு ஆகுமாம், நல்லா இருக்கு நியாயம்! கோவில்பட்டி வந்து எட்டு வருஷமாக இதே நாற்காலி, சடங்கு வீடு, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, மறுபடி சடங்கு வீடு… திரையில் மூன்று கவர்கள் வரிசையாக நிற்கின்றன, எது என்று நான் சொல்ல வேண்டுமாம். “நீ எதச் சொல்லுதியோ அதாம்ட்டி” என்று காலையில் பல் விளக்கிக்கொண்டே சொன்னார். பெரிய மரியாதைதான் போங்கள். பதினோரு வருஷமாக இப்படித்தான், அவர் மனசில் என்ன இருக்கிறதோ அது என் வாயிலிருந்து வருகிற வரைக்கும் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், நான் சொல்லித் தொலைத்த பிறகு “எம் பொண்டாட்டிதாம் சொன்னா” என்று ஊரெல்லாம் சொல்வார். கல்யாண வீடியோ எடுக்கிற தொழிலை விட்டதும் நான் சொல்லித்தான், பசுவந்தனை வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே ஒற்றை அறைக்கு வந்ததும் நான் சொல்லித்தான்… நான் எப்போது சொன்னேன்? கவர் விளங்காமல் போய் யாரும் படம் பார்க்கவில்லை என்றால் அதுவும் நான் சொல்லித்தான் என்று ஆகும்.

முதல் கவரில் கிணறு. கரிசல் காட்டுக் கிணற்றுக்குள் இறங்கி நின்று மேலே பார்த்து எடுத்த வானம், வட்டமாக. பெரிதாகப் பார்த்தால் நல்ல படம்தான், ஆனால் ஜனங்கள் பார்க்கப்போவது செல்போனில், தீப்பெட்டி லேபிள் அளவுக்கு, அவ்வளவுக்குச் சுருக்கினால் கிணறு தோசைக்கல் மாதிரி ஆகிவிடுகிறது, கொலைப் படம் என்று எவன் தொடுவான், சமையல் சொல்லித் தருகிறார்கள் என்று தாண்டிப் போய்விடுவான். இரண்டாவதில் சோளத்துக்குள் அரிவாளோடு ஒருத்தன் முதுகு. அதற்கு நிறம் பிடிக்க ஒரு வாரம் போனது. இந்த நிறத்துக்குப் பக்கத்தில் அந்த நிறத்தை வைத்தால் ஒரு கூட்டத்துக் கொடி, மாற்றி வைத்தால் இன்னொரு கூட்டம், எந்த இரண்டை எடுத்தாலும் யாராவது ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறார்கள். கடை முதலாளி பிச்சையா அண்ணாச்சி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். “ஏம்மா, அருவாளையும் குடுத்து இந்த ரெண்டு கலரையும் சேத்து வச்சேன்னா நாளைக்குக் கடைக் கண்ணாடிய யாரு மாட்டுவா, நீயா மாட்டுவ?” சென்னையில் இருக்கிறவனுக்கு நிறம் வெறும் நிறம், இங்கே அப்படியா, கடைசியில் எல்லா நிறத்தையும் உருவிச் சாம்பலாக்கிவிட்டேன், இப்போது அந்தக் கவர் பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த ஆள் மாதிரி இருக்கிறது.

மூன்றாவது… மூன்றாவதுதான் கவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பிறகு எதற்கு இத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறேன்? படத்தில் ஒருத்தன் தான் செத்துப்போனதாகத் தானே போஸ்டர் அடித்து ஒட்டிவிட்டுச் சோளக்காட்டுக்குள் ஒளிந்துகொண்டு, தன் கருமாதிக்கு யார் யார் வருகிறார்கள் என்று பார்க்கிறான், வரக்கூடாத ஒருத்தன் வந்துவிடுகிறான். செத்தவனாக நடித்தது என் வீட்டுக்காரரேதான். போஸ்டர் அடித்தது நான். அந்தப் போஸ்டரைத்தான் இப்போது கவராக ஆக்கியிருக்கிறேன், மேலே கண்ணீர் அஞ்சலி, நடுவில் இவர் முகம், கீழே தோற்றம், மறைவு. ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றினேன். அஞ்சலி போஸ்டரில் செத்தவர்கள் எல்லாரும் நேராகத்தான் பார்ப்பார்கள், இவர் ஓரக்கண்ணால் யாரையோ பார்க்கிறார். எவ்வளவு சுருக்கினாலும் அந்தக் கண் ஆளை விடாது. அண்ணாச்சி வாயில் டீயோடு நின்றுவிட்டார், “யாத்தே, இதாம்மா படம்!” என்றார், அப்புறம் குரலைத் தாழ்த்தி, “ஆனா கட்டுன புருசன் படத்துக்கு உங் கையால இப்படி வேண்டாம்மா” என்றார். சகுனமா? நானா? தினம் இரண்டு செத்தவர்களுக்குச் சட்டைக் காலர் ஒட்டி, நெற்றியில் திருநீறு வைத்து, பல்லை மூடி விடுகிற கை இது. அது இல்லை. வேறே ஏதோ ஒன்று கையைப் பிடிக்கிறது…

போன சித்திரையில் நடந்தது அது. கடம்பூர் பஸ் ஸ்டாப் சுவரில் ஷூட்டிங்குக்கு ஒட்டிய போஸ்டரில் இரண்டைக் கிழிக்காமல் வந்துவிட்டார்கள். என் மேலும் தப்பு உண்டு, படத்தில் அவர் பெயர் வேல்ராஜ், நான் அடித்தது சங்கிலிப்பாண்டி, பசுவந்தனை, அவருடைய நிஜப் பிறந்த தேதி, அடியில் ‘இங்ஙனம் மனைவி சந்தனமாரி’ வரைக்கும். கைப்பழக்கம் என்றேன், எல்லாரும் சிரித்தார்கள், படத்திலும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். யாரோ அதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட, எட்டயபுரத்தில் என் அண்ணன் முனீஸ்வரன் பார்த்திருக்கிறார், ஷூட்டிங் என்று இவர் போனை அணைத்து வைத்திருந்தார், என் போனில் சார்ஜ் இல்லை. மத்தியானம் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள், அண்ணன் கையில் மாலை, மதினி பாண்டியம்மாள் கையில், புருசன் செத்தவளுக்குப் பிறந்த வீடு போடுகிற கோடிச் சேலை. அண்ணன் வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு குலுங்கினார். “அழாத தாயி, நாங்க இருக்கோம்லா, இங்கன நீ ஒத்தையில கெடக்க வேண்டாம், நம்ம வீட்டுல வந்து இரி.” பிறகு எல்லாம் தெரிந்து, அண்ணன் மாலையைத் தெருவில் வீசிவிட்டுக் கோபமாய்ப் போனதும், இவர் இரண்டு நாள் விழுந்து விழுந்து சிரித்ததும்… “எம் மச்சானையே நம்ப வச்சிட்டம்ட்டி, இனிமே படம் ஓடாம எங்கன போவும்?” என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒரே பதில்தான் சொன்னேன், பதறிப்போய் வாயே வரவில்லை என்று. நம்பினார்கள்.

வாய் வரவில்லையா? பொய் சொல்லாதே சந்தனம், இங்கே யார் கேட்கிறார்கள்… மதினி கையில் அந்தச் சேலையைப் பார்த்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, போஸ்டர்தான், நான் அடித்த போஸ்டர்தான் என்று. காலையில் அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியவளே நான். ‘அண்ணே, அது சினிமா’, மூன்று வார்த்தை, சொல்லியிருக்கலாமே. சொல்லாமல் உள்ளே போனேன். பீரோவைத் திறந்தேன், என் சேலைகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தேன், கசங்காமல், ஓரம் சரியாக. அழுகை வரவில்லை, உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது, பெண் பார்க்க வந்த நாளுக்கு முந்தின நாள் வரைக்கும் அப்படி இருந்திருக்கலாம், ஞாபகம் இல்லை. “பாவம், மரத்துப் போயிட்டா” என்று மதினி வெளியே சொல்வது கேட்டது. நாலு சேலை வைத்துவிட்டேன். அஞ்சாவதைக் கையில் எடுத்தபோது தெருமுனையில் அவர் பைக் சத்தம்.

மணி இரண்டு நாற்பது. போன் பண்ணுவார் என்று பார்த்தால் நேரிலேயே வந்துவிட்டார், பின்னால் நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூன்றையும் பார்க்கிறார், மூச்சு என் கழுத்தில் படுகிறது. “ஏட்டி, கெணத்தையும் அருவாளையும் ஏனோதானோன்னு செஞ்சிருக்க. ஆனா இதுல உம் மனசு முழுசா எறங்கியிருக்கு பாத்தியா, எப்படிட்டி செஞ்ச?” பெருமையாகத்தான் கேட்கிறார், கண் கலங்கியிருக்கிறது. “இதான, சொல்லு.” “இதான்” என்கிறேன். அனுப்பியாகிவிட்டது. திரையில் அவர் முகம், பக்கத்தில் குனிந்த அவர் முகம், காதோரம் இந்த நாலு வருஷத்தில் வந்த நரை. கெட்ட மனுஷர் இல்லை. ஒரு நாள் கை ஓங்கியது கிடையாது, குடி கிடையாது, யாரிடமாவது போய்ச் சொல்ல ஒரு குறைகூட எனக்குக் கொடுக்கவில்லை. அண்ணாச்சிக்கும் சேர்த்து டீ சொல்லப் போய்விட்டார், வாசலில் யாரிடமோ “எம் பொண்டாட்டிதாம் சொன்னா” என்பது கேட்கிறது… அவர் செத்தால்தான் நான் பை கட்டலாம் என்று அன்றைக்கு எனக்கு யார் சொன்னது? அவர் உயிரோடு இருக்கும்போதே போகலாம் என்பது, பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட, எனக்கு ஏன் தோன்றவே இல்லை?