காக்கையை மாற்றினால்

நூற்று நாற்பத்து மூன்று பேர். எண்ணி வைத்திருக்கிறேன். 'பந்தி' என்ற எங்கள் தமிழ்த் தட்டச்சு நிரலுக்கு 1998-இல் மின்னஞ்சல் குழு ஒன்று இருந்தது, அதில் அத்தனை பேர். நிரலின் மூல வரிகளை ஆரம்பத்திலிருந்தே டிஸ்க்கோடு சேர்த்துத்தான் கொடுத்துவந்தோம். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவர்களுக்கும் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம். ஐந்து வருஷத்தில் ஒரு பிறவியும் திறந்து படிக்கவில்லை. ஆனால் நிரலைத் திறந்ததும் திரையில் முதலில் வருகிற படத்தைப் பற்றிப் பேச மட்டும் வந்தார்கள் பாருங்கள், கல்யாண வீட்டில் சாம்பாரைக் குறை சொல்ல வருகிற மாதிரி, ஆளுக்கு ஒரு வாயோடு.

அந்தப் படம் ஒரு காக்கை. வரைந்தவன் நான், கன்னையா, போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் சரக்குப் பத்திரம் தட்டுகிற கிளார்க். என்னோடு சேர்ந்து நிரலை எழுதியவன் சபாபதி. பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். 1993-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போர்ட் கிள்ளான் ரயில் நிலையத்துக்கு வெளியே உட்கார்ந்து இரண்டு பேரும் நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். கீழே விழுந்த நெத்திலியை ஒரு காக்கை பார்த்தது. பார்த்ததும் தின்றுவிட்டுப் போகாமல், கத்திக் கத்தி இருபது காக்கைகளைக் கூட்டிவிட்டது. "நம்ம புரோகிராமுக்கு இதைவிட வேற என்னடா வேணும்?" என்று சொன்னவன் சபாபதிதான், நான் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிற்பாடு அவனே அதை மறந்துவிட்டான். அன்றைக்கே கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக அதை வரைந்து நிரலுக்குள் வைத்தேன்.

அப்போதெல்லாம் டிஸ்க் கைமாறிக் கைமாறித்தான் போகும், கூடவே வைரஸும் போகும். காஜாங்கில் ஒருவர் பந்தியில் எழுதி வைத்திருந்த கோயில் மலர் முழுவதும் அப்படித்தான் அழிந்துபோனது. மனிதர் எங்களைப் பிடித்து ஏசினார். அதற்குப் பிறகு நான் ஒரு காவல் வைத்தேன். நிரலில் மற்றதெல்லாம் மாதத்துக்கு மாதம் மாறும், மாறாதது காக்கை ஒன்றுதான். அதனால் காக்கையின் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கும்படி செய்தேன். கூட்டுத்தொகை பிசகினால் எதுவோ உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம், நிரல் நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் கூட்டினால் பழைய மெஷின்கள் திணறும் என்பதால், பத்தாவது தடவை திறக்கும்போது மட்டும் கூட்டச் சொன்னேன். மூல வரிகளில் அதற்குப் பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதினேன். சபாபதியிடம் வாயால் சொன்னேனா என்றால், சொன்னதாக ஞாபகம் இல்லை. எழுதித்தானே இருக்கிறது, பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டேன்.

98 மே மாதம் சபாபதி குழுவுக்கு எழுதினான். மூன்றாம் பதிப்பு விண்டோஸுக்கு வருகிறது, பள்ளிக்கூடங்களுக்குப் போகப்போகிறது, காக்கையை மாற்றிவிடலாம் என்று. பற்றிக்கொண்டது. காக்கை சனீஸ்வரன் வாகனம், வீட்டு மெஷினில் வைக்க மனசு வரவில்லை என்றார் ஒருவர். திதிக்குச் சோறு வைக்கிற பறவையின் முகத்திலா காலையில் விழிப்பது என்றார் இன்னொருவர். மயில் போடலாம் என்று நாற்பது பேர் கிளம்பினார்கள். மயில் என்றால் முருகன், நாங்கள் எங்கே போவது என்று ஜெயராஜ் கேட்டார். ஜெயராஜ் கிறிஸ்தவர், மூன்றாம் பதிப்பைத் தொகுத்துக்கொண்டிருந்தவர், அதிர்ந்து பேசமாட்டார். குத்துவிளக்கு வந்தது, அதுவும் அதே காரணத்துக்கு அடிபட்டது. பனைமரம் வந்தது, கள்ளுக்கடை போர்டு என்று சிரித்தார்கள். மூன்று வாரத்தில் அறுநூறு கடிதங்கள். அதில் நிரலைப் பற்றி ஒன்றே ஒன்று, அதுவும் எங்கே கிடைக்கும் என்று கேட்டு.

கடைசியில் சபாபதி உண்மையான காரணத்தை எழுதினான். "என் மகளை ஸ்கூல்ல 'காகாக், காகாக்'னு கூப்பிடறானுங்க. மலாய்ல காக்கா. அழுதுகிட்டு வர்றா. அப்பன் செய்யிற புரோகிராம்லயும் அவ அதைத்தான் பாக்கணுமா?"

அதைப் படித்தபோது மனசு ஒரு நிமிஷம் இளகத்தான் செய்தது. பதினொரு வயசுப் பிள்ளை. காது குத்தும்போது தாய்மாமன் இல்லையென்று என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். ஆனாலும் மூன்று வாரமாக எனக்கு ஏறியிருந்த சூடு இறங்கவில்லை. 'பிள்ளைக்கு இன்னும் ரெண்டு கை பவுடர் போட்டு அனுப்பு, படத்தை ஏன் வெளுக்கிறாய்' என்று பதில் அடித்து, நூற்று நாற்பத்து மூன்று பேருக்கும் அனுப்பிவிட்டேன். வாய்க்கொழுப்பு. வேறு என்ன சொல்ல? அனுப்பின கையை வெட்டிப் போட்டாலும் போன கடிதம் திரும்பாது.

ஜூலையில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் ஓட்டெடுப்பு நடந்தது. யாழ் என்று முடிவானது. யாழை நேரில் பார்த்தவன் அந்த அறையில் ஒருவனும் கிடையாது, அதனாலேயே ஒருவனும் குறை சொல்லவில்லை. இனிமேல் என்னை எதுவும் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். சபாபதி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. படியில் இறங்கும்போதுதான் அந்தக் கூட்டுத்தொகை ஞாபகம் வந்தது. ஐந்தாறு படிதான் இறங்கியிருப்பேன், திரும்பி ஏறிச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. நிரல் நின்றால் போன் அடிக்கட்டும், வந்து சரி செய்து கொடுக்கிறேன், அப்போது தெரியும் கன்னையா யார் என்று. இதுதான் என் மண்டைக்குள் ஓடியது.

இதில் என் மனைவி தங்கமணிக்கு என்ன என்று கேட்பீர்கள். அவளுக்குத்தான் எல்லாமே. பண்டமாரான் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. இரண்டு வருஷமாக லோரி கம்பெனி ஒன்றின் வாசலில் நின்று நின்று, பதினொரு கம்ப்யூட்டர்கள் வாங்கி வந்திருந்தாள். அதற்கு ஓர் அறை கேட்டுத் தலைமையாசிரியரிடம் எத்தனை நடை நடந்தாள் என்று எனக்குத்தான் தெரியும். இரண்டு வகுப்பு ஒரே அறையில் நெருக்கிக்கொண்டு படிக்கிற பள்ளிக்கூடம் அது. கம்பெனியும் அந்த வருஷம் நெருக்கடியில் இருந்தது. தமிழ்ப் பாடம் உண்மையிலேயே நடக்கிறதா என்று ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை வந்து பார்ப்போம், நடந்தால் மெஷின்கள் இருக்கட்டும், இல்லையென்றால் கேட்டுக்கொண்டிருக்கும் வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். தலைமையாசிரியரும் அறை அதுவரைக்கும்தான் என்று கை கழுவினார். எங்கள் பழைய பதிப்பு அந்தப் புது மெஷின்களில் ஓடாது. மூன்றாம் பதிப்பை நம்பித்தான் அவள் இருந்தாள்.

"படம் காக்காயா இருந்தா என்ன, யாழா இருந்தா என்னங்க? பிள்ளைங்க தட்டினா எழுத்து வரணும், அவ்வளவுதான்" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கு முந்தின புதன்கிழமை ஜெயராஜ் பள்ளிக்கு வந்து பதினொரு மெஷினிலும் யாழ் போட்ட பதிப்பை ஏற்றிவிட்டுப் போனார். வீட்டில் ஐந்து தடவை திறந்து பார்த்தேன், அருமையாக ஓடுகிறது என்றாராம். ஐந்து தடவை ஓடத்தான் செய்யும். அன்றைக்கும் எனக்கு யாரும் போன் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே தங்கமணி பேசினாள். கல்யாணம் ஆன புதிதில்தான் அவளை அப்படிப் பார்த்திருக்கிறேன். ஜெயராஜ் ஏற்றினபோது ஒரு தடவை திறந்து காட்டினாராம். வியாழக்கிழமை நாலு, ஐந்து, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் வகுப்புக்கு ஒரு தடவை திறந்தார்களாம். இன்றைக்கும் அதே மாதிரி மூன்று வகுப்பு. பள்ளி விட்ட பிறகு ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை நிறுத்தி, நாளைக்குச் செய்வது போலவே இரண்டு தடவை திறந்து மூடிப் பழக்கினாளாம். ஒன்று, மூன்று, மூன்று, இரண்டு. இடது கை மடியில் கிடந்தது. விரல் தானாக மடங்கி, விரிந்து, மறுபடி மடங்கியது. ஒன்பது.

நாளைக்கு அவர்கள் வந்து உட்கார்ந்ததும் திறப்பது பத்தாவது.

அந்தக் கூட்டுத்தொகை எண் ஒன்றை மாற்றினால் போதும். அதற்கு நான் ஜெயராஜைக் கூப்பிட வேண்டும், ஜெயராஜ் சபாபதியிடம் சொல்வார், சபாபதி என்னைப் பற்றி என்ன நினைப்பான்? இப்படியே யோசித்துக்கொண்டு ஒரு தட்டுச் சோற்றையும் தின்று முடித்தேன். நிரல் பத்து வரைக்கும் ஒழுங்காக எண்ணுமா, ஒரு மெஷினிலாவது பிசகியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன். நான் எழுதியது பிசகாது என்று எனக்குத் தெரியாதா? த்தூ.

சனிக்கிழமை நானும் போனேன், ஆசிரியையின் புருஷன் என்ற முறையில் பின் சுவரோரம் நின்றேன். சபாபதி சன்னலோரம் நின்றான். கம்பெனி மேனேஜர் சீனர், நல்ல மனிதர், பிள்ளைகளுக்கு மிட்டாய் டப்பா கொண்டுவந்திருந்தார். தங்கமணி கை தட்டினாள். பதினொரு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். யாழ் வரவில்லை. சிவப்புக் கட்டத்தில் நான் எழுதின வாசகம் பதினொரு திரையிலும் வந்தது. திரையில் வருவதை உரக்க வாசிக்க வேண்டும் என்று அவள் பழக்கியிருந்தாள். வாசித்தார்கள்.

"இந்தப் பிரதியில் கிருமி புகுந்துள்ளது. கணினியை உடனே அணைத்துவிடுங்கள்."

அணைத்தார்கள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகள், ஒருவர் பின் ஒருவராக அத்தனை பேரும் அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மேனேஜர் என்ன என்று கேட்டார். தலைமையாசிரியர் வைரஸ் என்றார். மறுபடி திறக்கட்டுமா என்று தங்கமணி கேட்டாள், அவள் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. மேனேஜர் அவசரமாகக் கையை அசைத்தார், போன மாதம்தான் அவர்கள் ஆபீஸில் வைரஸ் புகுந்து ஒரு வாரத்து வேலை போயிருந்ததாம். "தாக் அப்பா லா, டீச்சர், பரவால்ல" என்று மலாயும் தமிழுமாகச் சொல்லிவிட்டு மிட்டாய் டப்பாவை மேசையில் வைத்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். வைரஸ் இல்லை சார், என்னுடைய பழைய காவல்தான் என்று. சபாபதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தரையைப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை லோரி வந்து மெஷின்களை ஏற்றிக்கொண்டு போனது. ஆறாம் ஆண்டு மேசைகள் அந்த அறைக்கு வந்தன. குழுவில் சண்டை வேறு மாதிரி திரும்பியது. ஜெயராஜின் டிஸ்க்கில்தான் வைரஸ் என்று பாதிப் பேர், சபாபதி கடையிலிருந்துதான் வந்தது என்று பாதிப் பேர். ஜெயராஜ் விலகினார். சபாபதி குழுவையே மூடிவிட்டான். அப்போதும் மூல வரிகளை ஒருவரும் திறக்கவில்லை.

திறந்தவள் தங்கமணி. வைரஸ் இல்லை என்று எழுத்தில் காட்டினால் கம்பெனிக்கு மறுபடி கடிதம் போடுகிறேன் என்று தலைமையாசிரியர் போகிற போக்கில் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு, ஜெயராஜிடம் டிஸ்க் வாங்கி, தட்டச்சுக் கடையில் கொடுத்து அச்சடித்து வந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அவளுக்கு நிரல் மொழி ஒரு எழுத்தும் தெரியாது. 'கிருமி' என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடினாள், அவ்வளவுதான். பள்ளி விட்டு வந்ததும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வரிக்கு வரி அடிமட்டம் வைத்து, ஒரு நாளைக்கு இருபது பக்கம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மனசு கஷ்டத்தில் இருக்கிறவனைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று நினைத்திருப்பாள். அந்த வாசகமும் அதன் பக்கத்தில் என் குறிப்பும் இருநூற்று நாற்பதை ஒட்டி வரும் என்று எனக்குத் தெரியும். நான் தினம் வேலை முடிந்து வந்து, அடிமட்டம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தேன். நூறு. நூற்று அறுபது. இருநூறு.

இரண்டு நாள் கழித்து வந்தபோது அடிமட்டம் மேசையில் தனியாகக் கிடந்தது. ஒரே ஒரு தாளை மட்டும் எடுத்து வைத்திருந்தாள். சோறு போட்டாள். ரசம் ஊற்றினாள். நான் பிசைய ஆரம்பித்த பிறகு, ஆங்கில எழுத்தில் எழுதியிருந்த என் தமிழை வகுப்பில் வாசிப்பது போல நிறுத்தி வாசித்தாள்.

"காக்கையை மாற்றினால் இந்த எண்ணையும் மாற்ற வேண்டும். பத்தாவது தடவை திறக்கும்போது சரிபார்க்கும். கன்னையா."

மறந்துபோயிட்டேன் தங்கம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள், ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. தாளை நாலாக மடித்தாள். இதை எப்படிங்க ஹெட்மாஸ்டர்கிட்ட காட்டுறது என்று மெதுவாகக் கேட்டாள்.

"அந்த வெள்ளிக்கிழமை நான் சொல்லச் சொல்ல விரல் மடக்கிக்கிட்டு இருந்தீங்க" என்றாள். "எத்தனை வகுப்பு நடந்துச்சுன்னு எனக்காக சந்தோஷப்பட்டு எண்ணுறீங்கன்னு நெனச்சேன்."

பிறகு முந்நூற்றுப் பதினொரு பக்கத்தையும் தட்டி அடுக்கி, மடித்த தாளை நடுவில் செருகி, சணல் கயிறு போட்டுக் கட்டினாள்.