எந்தக் கோப்பைக் கீரை

சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர் இருந்தோம். சுவர்ப்பக்கம் அண்ணன். அடுப்புக்கு எழுந்து போக வசதியாக ஓர நாற்காலியில் அண்ணி. ஃபிரிட்ஜை ஒட்டிய முக்காலியில், ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கும் அண்ணியின் தம்பி. ஜன்னலோரம் காகிதமும் பேனாவுமாக நான். மருத்துவமனையின் உணவு ஆலோசகர் அம்மையார் ஃபோனில் பதில் சொல்வதில்லை. எழுதிக் கேட்க வேண்டும். எழுத்து வேலை என்றால் எங்கள் வீட்டில் என் தலையில்தான் விழும்.

விஷயம் இதுதான். அண்ணன் கிரேன் ஓட்டுகிறவர். சிறுநீரகம் கொஞ்சம் மக்கர் செய்ததில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது. அது இறங்கினால்தான் மறுபடி கிரேனில் ஏற்றுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். டாக்டர் வாழைப்பழத்தை நிறுத்தச் சொன்னார், நிறுத்தியாயிற்று. அதற்குப் பதிலாக அண்ணி தினம் ஒரு கோப்பை பசலைக்கீரை கொடுத்தார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அளவு இன்னும் கூடியிருந்தது. அடுத்த பரிசோதனைக்கு இரண்டு வாரம்தான்.

கையில் இரண்டு பொட்டாசிய அட்டவணைகள். முதலாவதில் நூறு கிராமுக்குக் கீரையில் ஐந்நூற்றைம்பது மில்லிகிராம் சொச்சம், பழத்தில் முந்நூற்றைம்பது சொச்சம். ஆக, கீரைதான் அதிகம். இரண்டாவதில் ஒரு பழத்துக்கு நானூற்றிருபது, ஒரு கோப்பைக் கீரைக்கு நூற்றறுபது சொச்சம். ஆக, பழம்தான் அதிகம். அண்ணி நம்பியது இரண்டாவதை. நான் இரண்டையும் மூன்று தடவை படித்தேன். முதல் தடவை புரிந்தது மூன்றாம் தடவை புரியவில்லை.

"கோப்பைன்னா பச்சைக் கீரையாக்கா, வெந்ததா?" என்றான் முக்காலிக்காரன்.

கோப்பை கோப்பைதானே என்றார் அண்ணி. அவன் எழுந்து பச்சை இலையைக் கோப்பையில் நிரப்பித் தராசில் வைத்தான். முப்பது கிராம். அட்டவணையின் நூற்றறுபது இந்தப் பச்சைக் கோப்பைக்குத்தான். வேகவைத்ததும் இரண்டு கரண்டிகூடத் தேறவில்லை. வெந்த கீரையால் அதே கோப்பை நிறைய, பச்சையாக ஆறு கோப்பை போட வேண்டியிருந்தது.

"மாமாவை ஆடுன்னு நினைச்சிட்டியாக்கா?"

அண்ணி சிரிக்கவில்லை. உடனே அவன் குரலை இறக்கி, வேகும்போது கொஞ்சம் பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடும், தண்ணீரைக் கொட்டியிருந்தால் அவ்வளவு மோசமில்லை என்று சமாதானம் சொன்னான். அண்ணி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். கொட்டவில்லையாம். சத்து வீணாகக் கூடாதென்று மிளகு தட்டிப்போட்டு அண்ணனுக்கே கொடுத்திருக்கிறார்.

எழுதியதைக் கிழித்துவிட்டுப் புதுத்தாள் எடுத்தேன்.

"தண்ணி சமாச்சாரம் வேண்டாம் தம்பி. அந்தம்மா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்று அண்ணி என்னைப் பார்த்தார்.

"எழுதுடா," என்றார் அண்ணன். "நான்தான் கேட்டு வாங்கிக் குடிச்சேன்னு எழுது."

"நீங்க எப்பங்க கேட்டீங்க? நான்தானே வற்புறுத்திக் குடிக்க வச்சேன்."

"மனசுக்குள்ள கேட்டேன்."

கடைசியில் அண்ணியே, "சரி, எழுதுங்க. இவர் வேலைக்குப் போகணும்," என்றார்.

இப்படி எழுதினேன்: "தினம் வெந்த கீரை ஒரு கோப்பை, அதாவது பச்சையாக ஆறு. கீரை வெந்த தண்ணீரையும் குடித்தார். யார் கேட்டு என்பது வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. பழம், கீரை இரண்டையுமே நிறுத்தியிருக்கிறோம். எதை, எவ்வளவு, எந்தக் கோப்பையில் கொடுப்பது என்று தெரிவிக்கவும்."

இரண்டு அட்டவணைகளையும் உள்ளே வைத்து உறையை ஒட்டினேன். அண்ணி அதை வாங்கி ஓரத்தை விரலால் இன்னொரு தடவை அழுத்தினார். தெருமுனைத் தபால்பெட்டியில் அண்ணனே கொண்டுபோய்ப் போட்டார்.