சூடு ஆறாத பாத்தி

அன்று ஞாயிற்றுக்கிழமை. எறையூரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் கொல்லையில் இருந்தவர்கள்: என் மனைவி தேவயானி, பாத்தியின் ஓரத்தில் குத்துக்காலிட்டு; மகள் பிரவீணா, கவிழ்த்த அன்னக்கூடை மேல்; சின்னவன் விக்கி, மண்ணிலேயே; நான், துவைக்கிற கல்லில்.

தேவயானியின் மடியில் வெண்டை, கொத்தவரை, பீர்க்கு விதைகள். பிறந்த ஊரான தா.பழூரில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டே வளர்ந்தவள் அவள். தனக்கென்று ஒரு விதை ஊன்றியதில்லை. வீட்டுக்காரர் கிருஷ்ணமூர்த்தி பொங்கலுக்குத் திருச்சியிலிருந்து வந்தபோது, கொல்லையில் தோட்டம் போட்டுக்கொள்ளக் கேட்டோம். "பங்குனி முடியறதுக்குள்ள செடி தெரியணும். இல்லாட்டி இங்க தகரக் கொட்டாய் போட்டு வாடகைக்கு விட்டுருவேன்" என்று சொல்லிப் போயிருந்தார். அதனால்தான் பிள்ளைகளும் சேர்ந்து கரிசல் கட்டிகளை உடைத்து, கல் பொறுக்கிப் பாத்தி கட்டினார்கள். உரத்துக்குச் சர்க்கரை ஆலைக் கழிவைக் கனமாகக் கொட்டிக் கலந்தது நான். கரும்புக்கு எல்லாரும் அடிப்பதுதானே என்ற நினைப்பு. அவர்கள் மாதக்கணக்கில் குவித்து மக்கவைத்து அடிப்பார்கள். நான் கொண்டுவந்தது புதுசு.

விக்கி மண்ணுக்குள் விட்ட கையை உருவிக்கொண்டான். "மண்ணுக்குக் காச்சல்மா."

"வெயிலுக்குச் சுடும்டா," என்றேன்.

"மேல இல்லப்பா, உள்ள சுடுது." பிரவீணா முழங்கை வரை விட்டுப் பார்த்துச் சொன்னாள்.

"முட்டை வச்சா வெந்துருமாக்கா?"

"ஒன்னய வச்சாலே வேவும்."

தேவயானியும் கை வைத்தாள். விதைகளை முந்தானையில் முடிந்துகொண்டாள். "வெதைச்சா அவிஞ்சு போயிரும்ங்க. எல்லாத்தயும் அள்ளிருவோம்."

"நாளு இல்லியே."

"அதுக்குன்னு வெதையக் கொல்லவா?"

அவள் உரம் கலந்த மண்ணை வெட்டிக் கொடுக்க, பிள்ளைகள் கூடையின் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிப்போய் வேலியோரம் குவித்தார்கள். ஆறித் திரும்பப் பாத்திக்கு வரும்வரை தண்ணீர் தெளித்துப் புரட்டுவதும் அவர்கள் பொறுப்பு என்றாள். அதற்குப் பிறகு யாரும் ஏவ வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடம் போகுமுன் குவியலில் கை விட்டுப் பார்த்து, "இன்னும் சுடுதும்மா" என்று சமையல்கட்டுக்குக் குரல் கொடுத்துவிட்டே கிளம்பினார்கள்.

பங்குனி முடியும் தறுவாய்க்கு வந்தது. கிருஷ்ணமூர்த்திக்குக் காது மந்தம். போன் உதவாது, கடிதம்தான். ‘விதைத்தாயிற்று, முளைப்புக்குக் காத்திருக்கிறோம்’ என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த தேவயானி நிமிர்ந்தாள். "வெதைச்சாச்சா?"

"அவரு வந்தா பாக்கப்போறாரு?"

"புள்ளைங்க பாத்துக்கிட்டுதான இருக்குதுங்க. உள்ளத எழுதுங்க. தவணை குடுத்தா குடுக்கட்டும்." கடைசிச் சொல்லில் அவள் கை கீரையிலேயே நின்றுவிட்டது.

வேறு தாள் எடுத்தேன். உரம் புதுசு, மண் இன்னும் ஆறவில்லை, சித்திரை முழுதும் தவணை வேண்டும்.

"ஒருவாட்டி வந்து கைய வச்சுப் பாக்கச் சொல்லுப்பா," என்றாள் பிரவீணா. அதையும் எழுதினேன்.

விக்கி சோற்றுப் பருக்கையைத் தேய்த்து உறையை ஒட்டினான். தேவயானி அதை வாங்கி, ஒட்டிய இடத்தைப் பெருவிரலால் ஒருமுறை நீவித் திருப்பிக் கொடுத்தாள். பஸ் நிறுத்தத்துத் தபால்பெட்டியில் போட்டேன். அடித்தகரத்தில் அது விழுந்த சத்தம் கேட்டது. உள்ளே வேறு கடிதமே இல்லை போலும்.