பதினான்காவது கதவு

"துடைச்சிட்டீங்களா? பதினாலு கதவையுமா?"

"பதினாலும்தான். கதவெல்லாம் பளபளன்னு இருக்கணும்னு வேலைக்காரப் பொண்ணுங்ககிட்ட சொன்னேன். பளபளன்னு இருக்கு. இதுக்கு எதுக்குண்ணே இப்படிக் கத்துறே?"

"வினிஃப்ரெட்! அது அரண்மனை அதிகாரி கைப்பட எழுதிட்டுப் போன பேருங்க! எந்தப் பிரபு எந்த அறையில தங்கணும்னு!"

"அதுங்களுக்கு எழுத்தா தெரியும்? யாரோ கிறுக்கிட்டுப் போயிருக்கான்னு நெனச்சுதுங்க."

சர் ஆம்ப்ரோஸ் ஹார்க்னெட்டின் குரல் பழத்தோட்டம் தாண்டி ஆஷ்கோம் ஊருக்கே கேட்டது. காதைப் பொத்திக்கொள்ள நாங்கள் என்ன துறவிகளா?

வியாழக்கிழமை நண்பகல் ராணி பரிவாரத்தோடு வருகிறார், இரண்டு நாள் தங்குகிறார். அரண்மனையிலிருந்து கில்பர்ட் பென் என்ற அதிகாரி செவ்வாயன்றே வந்து, ஒவ்வொரு கதவிலும் சுண்ணக்கட்டியால் ஒரு பெயர் எழுதிவிட்டு அடுத்த மாளிகைக்குக் குதிரையேறிவிட்டார். வீட்டுக்காரருக்கு அறை கிடையாது. வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்கு அப்பால் கணக்குப்பிள்ளை வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் மரியாதை.

ஆம்ப்ரோஸுக்கு அந்த மரியாதைதான் தொண்டையில் சிக்கிய மீன்முள். நான்கு வருடத்துக்கு முன்பு ராணி இசைத்துக்கொண்டிருந்தபோது அவர் வாய் பிளந்து கொட்டாவி விட்டார். அன்றோடு அரண்மனை வாசல் சாத்தப்பட்டது. அதற்குப் பிறகு அவருக்கு உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை, ராணியின் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு மன்னிப்பு, அது போதும் என்று இருந்தார்.

"ஆளை அனுப்பி அந்த பென்னையே கேட்டுட்டா போச்சு" என்றாள் வினிஃப்ரெட். கணவனை இழந்து, அண்ணன் வீட்டை ஆண்டுகொண்டிருந்தவள்.

"கேட்டா? கதவைக்கூடக் காப்பாத்தத் தெரியாதவன்னு அரண்மனை பூரா சிரிக்கும். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. நானே எழுதுறேன்."

ஞாபகம் இருக்கத்தான் செய்தது. பதின்மூன்று கதவுகளில் பெயர்கள் சரியாக விழுந்தன. பதினான்காவது, ராணியின் படிக்கட்டுக்கு அடியில் இருந்த சின்ன அறை. அங்கே கிழட்டு மருத்துவர் ஒருவரின் பெயர் இருந்தது. அதுவும் ஞாபகம் இருந்தது. ஆனால் ராணி காலையில் ஜெபத்துக்கு இறங்கும் வழி அது. சுண்ணக்கட்டி கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு 'ஆம்ப்ரோஸ் ஹார்க்னெட்' என்று எழுதியது.

"அண்ணே, சொந்த வீட்டுலயே இடம் திருடுறவனை நான் இப்பத்தான் பாக்குறேன்."

"வாயை மூடு."

வியாழன் காலை அவர் மாடிக்கு ஒன்பது முறை ஏறினார், பத்து முறை இறங்கினார். கணக்கு இடிக்கிறதே என்றால், பால்காரி சொன்னதை நான் சொல்கிறேன். தொப்பியைப் போட்டார், கழற்றினார், சாலையில் தூசி கிளம்புகிறதா என்று ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தார்.

ராணிக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்தவர் பென்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவு கதவாக நடந்தவர், கடைசிக் கதவில் நின்றார்.

"என் கையெழுத்து இவ்வளவு அழகா இருக்காதே, சர் ஆம்ப்ரோஸ்."

"நீங்க… அவசரத்துல எழுதினீங்க…"

"அவசரத்துல எழுதினா அழகா வருமா? சரி, மருத்துவர் எங்க படுப்பார்? கோழிக் கூண்டுலயா?"

வினிஃப்ரெட் முன்னால் வந்தாள். "கதவைத் துடைச்ச குத்தம் என்னோடது, ஐயா. எழுதின குத்தம் இவரோடது. எனக்கு என் பங்கு போதும், அவரோட பங்கை நான் சுமக்க மாட்டேன்."

பென் உரக்கச் சிரித்தார். சிரிப்பு அவளோடு நின்றது, ஆம்ப்ரோஸ் பக்கம் வரவில்லை.

"ராணியோட படிக்கட்டுல யார் நிக்கணும்னு முடிவு பண்றது என் வேலை. வாசல்ல மண்டி போட்டு வரவேற்பீங்க. அப்புறம் அவங்க கிளம்புற வரைக்கும் இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது."

ஆம்ப்ரோஸ் மண்டியிட்டார். வண்டியின் திரை தூசிக்குப் பயந்து மூடியே இருந்தது. சக்கரம் அவரைத் தாண்டிப் போனது. இரண்டு நாளும் கணக்குப்பிள்ளை வீட்டு ஜன்னலில் நின்றார், அவர் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை. சனிக்கிழமை மழை பெய்து சாலை சேறாகிவிட, பரிவாரம் பின்பக்க வாசல் வழியாகப் போய்விட்டது. அவர் அங்கே ஓடிச் சேர்வதற்குள் மூட்டை சுமக்கும் கழுதைகள் மட்டும்தான் மிச்சம்.

பென்னோ அந்த இரண்டு நாளில் மெழுகுவர்த்தி எங்கே, படுக்கை விரிப்பு எங்கே என்று வினிஃப்ரெட்டை நாற்பது முறையாவது கூப்பிட்டிருப்பார். அடுத்த மாதம், தொலைக்காத கையுறையைத் தேடிக்கொண்டு திரும்பி வந்தார். அறுவடை முடிந்ததும் கல்யாணம். அவள் கிரீனிச் அரண்மனைக்குக் குடிபோனாள். ஜெபத்துக்குப் போகும் ராணியைத் தினமும் பார்க்கிறாளாம். எனக்காக ஒரு வார்த்தை சொல்லு என்று அண்ணன் மூன்று கடிதம் போட்டார். பதிலுக்கு ஒரு பாலாடைக்கட்டி வந்தது, நல்ல பெரியது.

ஆம்ப்ரோஸ் அடுத்த மாசியில் ஆலைக்காரரின் விதவை ஜொயான் ட்ரப்பைக் கட்டிக்கொண்டு, சதுப்பு நிலத்துப் பக்கம் அவள் வீட்டுக்கே போய்விட்டார். மாளிகையில் இப்போது ஒரு கம்பளி வியாபாரி இருக்கிறார்.